பிளந்து வரைந்த பூக்கள்

முற்றத்துச் செம்பருத்தி, காம்பில் நின்றபடியே இரண்டாகப் பிளந்திருந்தது. பூச்சி தின்றதல்ல, பிளேடு வைத்தது போல மேலிருந்து கீழாக ஒரே சீர். சித்ரலேகா கையை இழுத்துக்கொண்டாள். நேற்றைய வளைகாப்பு வளையல்கள் குலுங்கின.

கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்ற மாமியார் பிரம்மநாயகி, தோட்டத்துப் பூக்களையெல்லாம் ஒரே பெரிய தாளில் வாட்டர்கலரில் வரைந்துகொண்டிருந்தாள். பூவுக்கு இரண்டு படம். முழுசாக ஒன்று, சூல்பை தெரியப் பிளந்து ஒன்று. நேற்று சாயங்காலம்தான் செம்பருத்தியைப் பிளந்து வரைந்திருந்தாள்.

"செடியில நின்ன பூவை நீங்க வெட்டுனியளா அத்தை?"

"எதுக்குட்டி வெட்டணும்? வரைஞ்சா போதுமே."

மதியம் தச்சநல்லூர் முழுக்கக் கரண்டு போனது. மின்விசிறி நின்ற அறையில் ஈரத்தாளின் வாடையும் நசுங்கிய பூவின் புளிப்பும் கலந்து அடிக்க, கண்ணாடித் தம்ளரில் தூரிகை அலசும் சத்தம் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது. சித்ரலேகா எட்டிப் பார்த்தாள். தாளில் வரைந்து முடியாத மூலையில், பூவில்லை. வளையல் நிறைந்த கைகளோடு ஒரு பிள்ளைத்தாய்ச்சி. முழுசாக. பக்கத்தில் அதே உருவம், வெறும் பென்சில் கோடாக.

"இது யாரு?"

"தெரியலையாக்கும்? பூவுக்குள்ள பாக்குதியளே, எனக்குள்ள ஆணா பொண்ணான்னும் வரைஞ்சு காட்டுங்கன்னு நேத்து சபையில நீதான கேட்ட?"

"வெளாட்டுக்குச் சொன்னேன் அத்தை. அப்பா கூட்டிட்டுப் போக வாராவ. எஸ்.டி.டி. பூத்துலருந்து பேசுனாவளே."

"வரட்டும். பேரன்தானான்னு பாத்துட்டு அனுப்புதேன். பேத்தின்னா ஒங்கப்பாவே வச்சுக்கிடட்டும்."

சித்ரலேகா தாளைப் பிடுங்கினாள். நுனி கையில் வந்துவிட்டது.

"கிழி," என்றாள் பிரம்மநாயகி சாவதானமாக. "நீ முழுசா இருக்கதும் அதுலதான்."

சித்ரலேகா தாளை விட்டாள். மாமியார் தாளை நீவி விரித்தாள். பென்சில் உருவத்தின் மேல் தூரிகை இறங்கியது.

சித்ரலேகாவின் மார்புக்குக் கீழே சில்லென்று ஒரு கோடு. ஈரம். பைய, வயிற்றின் வளைவோடு இறங்கியது. சேலையில் ஒரு பொட்டுச் சிவப்பு.

"அசையாத. கோடு கோணினா உள்ள பட்டுரும்."

வாசலில் கார் நின்றது. கதவு தட்டும் ஓசை.

"சித்ரா... ஏ சித்ரா... அப்பா வந்திருக்கேன்."

அவள் வாய் திறக்கவில்லை. மூச்சு விடவில்லை. வளையல் ஒன்றும் குலுங்கவில்லை.

தாளில், பிளந்த பாதிக்குள், நிறம் காயாத சின்ன முகம். தூரிகை நுனி கிட்டே வரவும், அது முகத்தைத் திருப்பிக்கொண்டது.