பன்னிரண்டாவது எலி

மூன்றாவது மணியில் எதிர்த்தெரு போலீஸ் ஸ்டேஷனில் போனை எடுத்தார்கள்.

"பேராசிரியர் காபியில விஷம் கலந்திருக்கு. ஆராய்ச்சிக் கூடம், ரெண்டாம் மாடி."

"யாருய்யா பேசறது?"

"கலந்தவன்தாங்க."

கூண்டுக்காரர் போனை வைத்தார். இருபத்தாறு வருஷமாக ஆராய்ச்சி எலிகளுக்குத் தீனி போட்டு, கூண்டு கழுவி, செத்ததை எரித்து வருகிறவர். கையைத் துடைத்துக்கொண்டு மாடி ஏறினார். ஓடிப்போகிற உத்தேசம் அவருக்கு இல்லை.

மேலே பேராசிரியர் கடைசி மடக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். எதிரே மருந்துக் குழுத் தலைவி, கையில் பேனா. அந்த அம்மாள் கையெழுத்துப் போட்டால் நாளை முதல் அறுபது வலிப்பு நோயாளிகளுக்குப் பழைய மாத்திரை நிறுத்தம். பேராசிரியரின் புது மருந்துதான்.

அறுபதில் ஒருத்தி கூண்டுக்காரரின் தங்கச்சி. ஒரு வேளை மாத்திரை தவறினாலே அவளுக்குப் பல் கிட்டிக்கொள்ளும்.

"முந்நூத்திப் பதினெட்டு கட்டுரை மேடம். பதினாலாயிரம் இடத்துல என்னை மேற்கோள் காட்டியிருக்காங்க," என்றார் பேராசிரியர்.

ஒருத்தர் சொன்னதைப் பதினாலாயிரம் பேர் திருப்பிச் சொன்னால், கூண்டுக்காரர் தெருவில் அதற்குப் புரளி என்று பெயர்.

கதவு படீரென்று திறந்தது.

இன்ஸ்பெக்டர்!

"சார், காபியைத் தொடாதீங்க."

பேராசிரியர் காலிக் கோப்பையைப் பார்த்தார்.

"நான்தாங்க கலந்தேன்." கூண்டுக்காரர் இரண்டு கையையும் நீட்டினார். "ஐயா கண்டுபிடிச்ச மருந்தேதான். நாலு ஸ்பூன்."

தலைவி அவசரமாகப் பேராசிரியரின் கட்டுரையைப் புரட்டினார்.

"ஏழாம் பக்கம்... அளவு மீறினா பத்து நிமிஷத்துல மூச்சு நின்னுடும். இருநூத்தி நாப்பது எலி செத்திருக்கு. முறிவு ஊசி பேரும் போட்டிருக்கு. ஃப்ரிஜ்ல இருக்கா?"

"இருக்குங்கம்மா." கூண்டுக்காரரே எடுத்துக் கொடுத்தார்.

"யோவ், ஏன்யா இப்படிப் பண்ணினே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தங்கச்சியை விட்டுடுங்கன்னு மூணு தடவை கேட்டேங்க. நீ எத்தனாவது படிச்சிருக்கேன்னார்."

தலைவி ஊசியில் மருந்தை ஏற்றினார்.

"கையை நீட்டுங்க சார். ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் தாங்காது."

"வேண்டாம் மேடம். எனக்கு ஒண்ணும் ஆகாது. நீங்க கையெழுத்தைப் போடுங்க."

"ஆகும்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

"எழுதினா...?"

"இன்ஸ்பெக்டர், பிடிச்சுக்குங்க. விஷம் தலைக்கேறிடுச்சு, உளர்றார்."

இன்ஸ்பெக்டர் பிடித்தார். சட்டைக் கை மேலே ஏறியது. ஊசி முனையில் ஒரு சொட்டு...

கூண்டுக்காரர் தடுக்க வாயைத் திறந்தார். பேராசிரியர் முந்திக்கொண்டார்.

"விடுய்யா! விஷம் ஏறாதவனுக்கு அந்த ஊசியைப் போட்டா இதயம் நின்னுடும். அது நிஜ மருந்து!"

இன்ஸ்பெக்டர் பிடியை விட்டார்.

"அப்ப... உங்களோடது?" என்றார் தலைவி, மெதுவாக.

பேராசிரியர் சட்டைக் கையைக் கீழே இறக்கிக்கொண்டார்.

"நான் சொல்றேங்கம்மா. என் கூண்டுக்கு வந்தது மொத்தமே பதினோரு எலி. இந்த மருந்தை ஸ்பூன் ஸ்பூனாத் தின்னும் ஒண்ணும் சாகலை. வலிப்பும் நிக்கலை. வயசாகித்தான் செத்துச்சுங்க. மீதி இருநூத்திச் சொச்சம் எலி ஐயாவோட பேனாவுக்குள்ள பொறந்து, அங்கேயே செத்துப்போச்சு."

தலைவி பேனாவை மூடினார். கையெழுத்தில்லாத ஃபைலையும் மூடினார்.

கூண்டுக்காரருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. தங்கச்சிக்கு நாளைக்கும் பழைய மாத்திரைதான்.

"இவனை உள்ளே தள்ளுங்க இன்ஸ்பெக்டர்," பேராசிரியர் கத்தினார். "என் காபியில..."

"என்னன்னு சார் கேஸ் எழுதறது? விஷம்னா ஊசி போட்டாகணும். விஷம் இல்லைன்னா கேஸே இல்லை."

"அந்தக் கஷ்டம் உங்களுக்கு எதுக்குங்க?" கூண்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். "கலந்தது வெறும் சர்க்கரை. ஐயா ருசிகூடப் பார்க்கலை. கட்டுரை எழுதற மாதிரியே குடிச்சிட்டார்."

இன்ஸ்பெக்டர் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். சர்க்கரைதான்.

"அப்ப எதுக்குய்யா எனக்குப் போன் பண்ணினே?"

"பன்னெண்டாவது எலிக்குப் பொறி வச்சேங்க. பொறியை மூட ஒரு ஆள் வேணாமா?"