பத்து மணிக்கு வந்த போன்

“ஏனுங்க மகாராணி, இன்னிக்குத் தோட்டத்துக்கு லீவா?”

ஓரகத்தி வேலாமணியின் குரல் அடுப்படி வரை வந்து குத்தியது. விஜயா தன் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேயிலைக் கொழுந்து பறிக்கையில் மழையில் நனைந்துவிடும் என்று தினமும் வீட்டிலேயே விட்டுப்போகிற போன் அது.

ஜன்னலோரம் மகள் ஷண்முகப்ரியா. அவள் “அம்மா” என்று கூப்பிட்டு ஒரு வருடமாகிறது!

போன வருடம் ஒரு பல்கலைக்கழகத்தில் அவளுக்குக் கட்டணமில்லாமல் இடம் கிடைத்தது. சரித்திரம், கவிதை, வானியல், பொருளாதாரம் எல்லாம் கலந்து படிக்கலாம். மூன்றாம் வருடம் ஜப்பானிலோ பெருவிலோ போய்ப் படிக்கலாம். “உங்க அம்மாவே போன்ல வேண்டாம்னுட்டாங்களே” என்று இடத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். விஜயா கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தும் மகள் நம்பவில்லை. இந்த வருடம் மறுபடி விண்ணப்பித்திருந்தாள். இன்று போனில் முடிவு சொல்லும் நாள்.

பத்து மணிக்குப் போன் அடித்தது. விஜயா ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஷண்முகப்ரியா அம்மாங்களா? இந்த வருஷமும் இடம் கிடைச்சிருக்கு. போன வருஷம் இதே பத்து மணிக்குத்தான் வேண்டாம்னீங்க. இப்பவாவது சம்மதமா?”

பத்து மணி! ப்ரியா நிமிர்ந்தாள். அந்நேரம் அம்மா தோட்டத்தில் கொழுந்து எடை போடும் வரிசையில் அல்லவா நிற்பாள்... வீட்டில் இருந்தது பெரியம்மா மட்டும்தானே...

விஜயா போனை வேலாமணியின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“பேசுங்க அக்கா. போன வருசம் என்னோட பேர்ல பேசுனதை இப்பத் திருப்பிச் சொல்லுங்க!”

“ஐயோ... நான்... எதுக்கும் ஆகாத படிப்பு, சீமைக்கு அனுப்பிப்போட்டா நாளைக்கு எவன் கட்டுவான்னுதான்...”

“இதே குரல்தாங்க,” என்றது போன்.

“அம்மா!” ப்ரியா ஓடி வந்து கட்டிக்கொண்டாள். “ஒரு வருசமா உன்னைக் கொன்னுட்டேனே...”

“அழுவாதே கண்ணு. நான் சொன்னா நீ நம்பமாட்டே. அவங்க வாயே சொல்லட்டும்னுதான் காத்துக் கெடந்தேன்.” போனைக் காதில் வைத்தாள். “சம்மதமுங்க!”

“சந்தோஷம். வரும்போது ஒரு கட்டுரை எழுதிட்டு வரணும். வீட்டுக்குள்ள பார்த்த ஒரு அநியாயம். இருபது நாட்டுப் பிள்ளைங்க உட்கார்ந்து படிப்பாங்க.”

வேலாமணி இரண்டு கைகளையும் கூப்பினாள். “மன்னிச்சுரு விஜயா... எழுத வேண்டாம்னு சொல்லு...”

ப்ரியா கண்ணைத் துடைத்தாள். “பேரை மாத்தி எழுதட்டுமாம்மா?”

ஒரு வருடத்துக்குப் பின் கேட்ட அந்த “அம்மா”வை விஜயா ஒரு கணம் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். பிறகு கூப்பிய அந்தக் கைகளைப் பார்த்தாள்.

“வேண்டாம் கண்ணு. குன்னூர்னு ஊர்ப் பேரையும் போட்டே எழுது.”