நின்றுபோன இருமல்

அவர் செத்தால் நான் கொன்றேன் என்பார்கள். பிழைத்தால் கொல்லப் பார்த்தேன் என்பார்கள். இதை வெளியே சொல்லாமல் அவள் மூன்று காலி மாத்திரை அட்டைகளையும் பாதி தீர்ந்த ஒன்றையும் சிறுநீரக மருத்துவரின் மேசைமேல் வைத்தாள்.

"அஞ்சு வாரமா தினமும் காலையில நானே பிரிச்சுக் குடுத்தேன், டாக்டர். என் கண்ணு முன்னாடிதான் வாயில போட்டார்."

அவள் கணவர் வானொலியில் செய்தி வாசிப்பவர். இருநூற்றுப் பத்து இரத்த அழுத்தத்தோடு வார்டில் படுத்திருந்தார். ஒரு கண் மங்கிவிட்டது.

"மாத்திரை வயித்துக்குப் போயிருந்தா இப்படி ஆகுமா?" கதவோரம் நின்ற நாத்தனார் பல்லைக் கடித்தாள். "நாளைக்குக் காலையில போலீசுக்குப் போறேன். தம்பியைத் தூக்கி வளர்த்து இவ கையில குடுத்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்." மருந்துச் சீட்டைப் பிடுங்கிக்கொண்டு கீழே கடைக்குப் போனாள்.

அவள் போன வேகத்தில் ஆய்வுக்கூடப் பெண் உள்ளே ஓடிவந்தாள். 'அவசரம்' என்பது ஆஸ்பத்திரியில் அவளுக்கு வைத்த பெயர். "மேடம், ரெனின் அடிமட்டத்துல இருக்கு! போலி மாத்திரைதான். நான் அப்பவே சொன்னேன்ல?"

"நீ எதைத்தான் அப்பவே சொல்லல? உட்காரு." மருத்துவர் மனைவியிடம் திரும்பினார். "அவருக்கு வேற ஏதாவது தொந்தரவு?"

"ரெண்டாவது வாரம் ஒரே வறட்டு இருமல். செய்தி நடுவுலயே ரெண்டு தடவை இருமிட்டாராம். தொண்டை மிட்டாய் டப்பா இல்லாம நகரமாட்டார். அப்புறம் தானா நின்னுடுச்சு. நல்லதுன்னு நடந்தது அது ஒண்ணுதான்."

மருத்துவரின் பேனா நின்றது. "டப்பா எங்க?"

கணவருடைய சட்டையோடு பையில் இருந்தது. மருத்துவர் அதைத் திறக்காமல் காதருகே ஆட்டிப் பார்த்தார். பிறகு இருவரையும் கட்டிலருகே அழைத்துப் போனார்.

"அழுத்தம் குறைஞ்சா சிறுநீரகம் ரெனின்னு ஒரு நொதியை ரத்தத்துல விடும். அது தொடங்கிவைக்கிற வேலையை இன்னொரு நொதி முடிக்கும். ரத்தக் குழாய் இறுகும், அழுத்தம் ஏறும். நான் குடுத்த மாத்திரை அந்த ரெண்டாவது நொதியோட கையைக் கட்டிடும். சொன்ன பேச்சு எடுபடலேன்னா சிறுநீரகம் இன்னும் உரக்கக் கத்தும், ரெனின் ஏறும். இவருது கத்தவே இல்லை."

"அதான் போலின்னேன்," என்றாள் அவசரம்.

"போலின்னா இருமல் எப்படி வந்துச்சு? தொண்டையைக் கிளறுற ஒரு பொருளை அழிக்கிறதும் அதே ரெண்டாவது நொதிதான். கையைக் கட்டினா சிலருக்கு வறட்டு இருமல் வரும். ஆக மாத்திரை நிஜம். இருமல் நின்ன அன்னைக்குத்தான் மாத்திரையும் நின்னிருக்கு."

டப்பாவைத் திறந்து படுக்கைமேல் கவிழ்த்தார். மிட்டாய் ஒன்றுகூட இல்லை. இருபதுக்கும் மேற்பட்ட வெள்ளை மாத்திரைகள், ஓரமெல்லாம் கரைந்து மழுங்கியவை.

"எச்சில் பட்ட மாத்திரை. குடுத்தவங்க குடுத்திருக்காங்க. வாயில வாங்கினவர்தான் துப்பியிருக்கார்."

கணவர் சுவர்ப்பக்கம் பார்த்தார். "மூணாவது தடவை இருமினா மைக் முன்னாடி உட்காராதேன்னுட்டாங்க."

"இருமல் வராத மாத்திரை வேற இருக்கு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். ஊருக்கே சேதி சொல்றவருக்கு அந்த ஒண்ணு வரலியா?"

மருத்துவர் புதிய சீட்டு எழுத நகர்ந்தார். படியில் நாத்தனாரின் செருப்புச் சத்தம் ஏறி வந்தது. கணவர் மனைவியின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நீ குடுக்க மறந்துட்டேன்னு சொல்லிடேன். நான்தான்னு தெரிஞ்சா அக்கா தாங்கமாட்டா. உன்னை எப்படியும் அப்படித்தானே நினைக்கிறா? புதுசா என்ன கெட்டுப்போயிடும்?"

அந்தக் காலைகள் நினைவுக்கு வந்தன. காலி டம்ளருக்காக அவள் கை நீட்டி நின்றிருப்பாள். நாக்கடியில் மாத்திரையை வைத்துக்கொண்டு அவர் அவளைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்.

"என்னவாம்? யார் பண்ணின வேலையாம்?" என்று கேட்டுக்கொண்டே நாத்தனார் உள்ளே வந்தாள்.

அவள் மணிக்கட்டை விடுவித்துக்கொண்டாள். சிதறிக்கிடந்த மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டு, மூடி, அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"நீங்களே சொல்லுங்க," என்றாள்.