பாதி அலை

மாலை ஐந்தரை ஆனால் எங்கள் அடுக்ககத்தின் மொட்டைமாடியில் நிற்க இடமிருக்காது. ஆளுக்கொரு ஆன்டெனாக் கம்பத்தைப் பிடித்துத் திருகிக்கொண்டிருப்பார்கள். இரண்டாம் மாடி வேதநாயகம் தன் அம்மா உயிரோடு இருந்தபோது மூக்குக்கண்ணாடிகூட மாற்றித் தரவில்லை. இப்போது செத்துப்போன அந்த அம்மாவின் குரலுக்காகப் பதினாறு குறுக்குக்கம்பி வைத்து ஓர் அலைவாங்கி நிறுத்தியிருக்கிறார். நான் துணி காயப்போடுகிற சாக்கில் எல்லாவற்றையும் பார்த்துவைப்பேன்.

ஆறு மணிக்கு அவரவர் வீட்டு ரிசீவர் முன் உட்கார்ந்துவிடுவார்கள். மறைவொலி நிலையம் பத்து நிமிடம் ஒலிபரப்பும். இறந்தவரின் குரலில், அவர் பேசியிருக்கக்கூடியதைக் கணினி கோத்துப் பேசும். ஒரு சாவுக்கு ஓர் அலைவரிசை, ஓர் ஆண்டு. மாதாமாதம் அதன் வலு பாதியாகும். தேய்வுச் சட்டம் என்று பெயர். ஜனங்கள் கொஞ்சம் கொஞ்சமாக மறந்து பிழைப்பைப் பார்க்கவேண்டுமாம். பதிவு செய்யக் கூடாது, வலுவைக் கூட்டும் பூஸ்டர் கூடாது. கம்பத்தையும் அதிலிருந்து வீட்டுக்கு இறங்கும் கோயாக்ஸ் கேபிளையும் மட்டும் நம் சாமர்த்தியத்துக்கு விட்டிருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டுப் பிலோமினாவின் கேபிள் மாடியிலிருந்து என் சமையலறை ஜன்னலை உரசிக்கொண்டுதான் அவள் வீட்டுக்குப் போகும். அவள் கணவர் அமலதாஸ் இருந்தவரை வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. அந்த மனிதர் தினமும் பத்து நிமிடம் என்னதான் பேசுவார்? தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மாமியாருடைய ஆண்டு முடிந்தபோது ரிசீவரைத் திருப்பித் தராமல், தொலைந்துவிட்டதென்று எழுதிக்கொடுத்திருந்தேன். அதை எடுத்து அமலதாஸின் அலைவரிசைக்குத் திருப்பினேன். ஒரு மதியம் ஜன்னலருகே கேபிளை வெட்டி, நடுவில் அலையை இரண்டாகப் பிரிக்கிற ஒரு ஸ்பிளிட்டரைச் செருகி, ஒரு முழ வயரை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

அவர் பேசியதில் பெரிதாக ஒன்றுமில்லை. தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விடு, ரேஷன் கார்டு பீரோ மேல்தட்டில் இருக்கிறது. இவ்வளவுதான். ஆனாலும் நான் ஒரு நாளும் தவறவிடவில்லை.

ஒன்பதாம் மாதம் பிலோமினா வந்து நின்றாள்.

"சிந்தாமணிக்கா, மூணு நாளா வெறும் இரைச்சல்தான். அவரு குரலே வரல."

அலைவாங்கி கட்டுகிற மஸ்தான் பாய் வந்து மாடியில் மீட்டரை வைத்துப் பார்த்தார்.

"ஆன்டெனா தங்கமா இருக்கும்மா. இன்னும் ரெண்டு மாசம் தாராளமாக் கேக்கும். கேபிள்லதான் எங்கயோ பாதிக்கு மேல ஒழுகுது. நாளைக்கு வந்து மேலேருந்து கீழ வரைக்கும் ஒவ்வொரு அடியாப் பாத்துடுறேன்."

ஒழுகுகிற இடத்தில் என் ஜன்னல் இருந்தது. எனக்கு ஒரு முழம் வயர். அவளுக்கு அங்கிருந்து பத்து மீட்டர், அதுவும் மழையில் ஊறிய பழையது. அமலதாஸ் என் வீட்டில் மட்டும் பேசிக்கொண்டிருந்தார்.

பாய் இறங்கிப் போனதும் அவளிடம் சொன்னேன்: "பாய்க்கென்ன, வேல வேணும். சில பேருக்கு ஒம்பதாம் மாசமே ஓஞ்சிடும் பிலோமினா. என் மாமியாருக்கு அப்படித்தான் ஆச்சு."

பொய். மாமியார் பதினோராம் மாதம் வரை என்னைத் திட்டினாள்.

"அப்படியாக்கா?"

"ஆமா. கெடந்து அலையாத."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். சேலைத் தலைப்பில் ஒட்டியிருந்த நூலை எடுத்துக் கீழே போட்டாள். "உயிரோட இருந்தப்பவும் அதிகம் பேச மாட்டாரு. சரி, போகட்டும்," என்றாள்.

மறுநாள் காலையிலேயே நிலையத்துக்குப் போய், 'குரல் ஓய்ந்தது' படிவத்தில் கையெழுத்திட்டு ரிசீவரை ஒப்படைத்துவிட்டாள். ஒப்படைத்தால் திரும்பத் தரமாட்டார்கள்; ஒலிபரப்பு மட்டும் ஆண்டு முடியும்வரை ஓடும். மஸ்தான் பாய்க்கு வேலையில்லாமல் போயிற்று. உண்மையைச் சொல்ல அப்போதும் நேரமிருந்தது. என்னுடைய ரிசீவர் வீட்டில்தான் இருந்தது. வந்து கேள் என்றால் போதும். துணி காயப்போட மாடிக்குப் போய்விட்டேன். பெரிய வருத்தம் எதுவும் இல்லை. மனசு என்னவோ மரத்துக் கிடந்தது.

அன்று மாலை ஸ்பிளிட்டரைக் கழற்றிவிட்டு கேபிளை நேராக என் ரிசீவரில் பொருத்தினேன். குரல் பளிச்சென்று வந்தது.

"பிலோ, சாப்டியா?" என்றார் அமலதாஸ். பதிலுக்காகக் கொஞ்சம் நிறுத்தினார். அப்படித்தான் கணினி கோத்திருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் அவள் தட்டு எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது. அவளுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று ஒலியை இன்னும் குறைத்தேன்.

"சாப்பிடத்தான் போறா," என்றேன்.