நிரம்பாத பொந்து

இரண்டு வாளியில் நிரம்பியிருக்க வேண்டிய பொந்து நான்காவது வாளியையும் வாங்கிக்கொண்டபோதுதான் நுன்சியாவுக்கு முதுகில் ஏதோ ஊர்ந்தது போலிருந்தது.

வெசுவியஸ் எரிமலைச் சாம்பலில் புதைந்த ரோமானியப் பண்ணை வீடு; அதில் அடிமைகள் படுத்த அறை. உடல் மட்கிப்போன இடத்தில் ஆள் வடிவில் வெறும் பொந்து மட்டும் நிற்கும். ரப்பர் குழாயைச் செருகி, பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றி, இறுகியபின் சாம்பலைச் சுரண்டினால் செத்தவனின் உருவம் கிடைக்கும். நடுவில் நிறுத்தினால் உருவம் பிளந்துவிடும்.

"உள்ள படுத்திருக்கிறவன் பெரிய குடிகாரன் போல," என்றான் வாளியைச் சரித்துக்கொண்டிருந்த சபாத்தோ. "ஒரு மடக்குகூட மிச்சம் வைக்க மாட்டேங்கிறான்."

"பேசாம ஊத்து. இது உடைஞ்சா வெள்ளிக்கிழமையோட எனக்கு வேலை இல்ல. ப்ரொஃபசர் சொல்லிட்டார்."

"நீ இத்தனை வருஷம் இங்க மண்ணு தின்னதுக்கு இதான் மரியாதையா?"

அவள் குழாயைப் பிடித்தபடி குனிந்தாள். வெளியே எலுமிச்சைத் தோப்பில் சில்வண்டுகள் இரைந்துகொண்டிருந்த நடுப்பகல். ஆனால் பொந்தின் வாயிலிருந்து ஈரச் சாம்பல் வாடையோடு ஒரு வெதுவெதுப்பு மேலேறி அவள் மணிக்கட்டைத் தொட்டுத் தொட்டு விலகியது. பிறகு அடியில் எங்கோ, புரையேறியவன் இருமலை அடக்குவது போல, கொளக் கொளக்கென்று ஒரு சத்தம்.

"காத்துக் குமிழிதானே?" சபாத்தோவின் குரல் இறங்கியிருந்தது. "நிறுத்திடலாம், நுன்சியா."

குழாய் வெட்டி இழுத்தது. மேலே தள்ளியது. அவள் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள்.

"ஊத்து."

இன்னொரு வாளி. சத்தம் குறைந்தது. நின்றது. பொந்து நிரம்பியது.

பிளாஸ்டர் இறுகியதும் சுரண்டினார்கள். முதலில் முழங்கை. பிறகு விரல்கள். அவள் செருகிய குழாயை, இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் செத்தவனின் இரண்டு கைகளும் வாயிலிருந்து தள்ளிக்கொண்டிருந்தன. பல்லுக்கு நடுவே ரப்பர்.

சபாத்தோ சிலுவை போட்டுக்கொண்டு வெளியே ஓடினான்.

ப்ரொஃபசர் கவலியேரே சுற்றிவந்து பார்த்தார். "அந்தக் குழாயை அறுத்துட்டா போட்டோவுக்கு அம்சமா இருக்கும். உன் வேலை எங்கயும் போகாது, நுன்சியா. அவன் காலடியில சின்னதா ஒரு பொந்து இருக்கு, பார். குழந்தையா இருக்கும். இன்னைக்கே ஊத்திடு."

"சரி, ப்ரொஃபசர்."

அவர் போனார். அவள் வாளியோடு மண்டியிட்டாள். குனிந்தாள்.

உள்ளேயிருந்து, சாம்பலை அள்ளி அள்ளி, அந்தப் பொந்தின் வாயை யாரோ அவசர அவசரமாக அடைத்துக்கொண்டிருந்தார்கள்.