நூற்றுக்கு இரண்டு பேர்

காலை பத்தரை மணிக்குக் கோவையில் இருநூற்று முப்பது பேரின் மணிக்கட்டுப் பட்டைகள் ஒரே சமயத்தில் அதிர்ந்தன. தோசை ஊற்றிக்கொண்டிருந்தவர் கரண்டியை வைத்தார். பாடம் நடத்திக்கொண்டிருந்த ஆசிரியை வகுப்பைவிட்டு வெளியே வந்தார். எல்லோரும் ரத்தவகை பார்க்கும் பக்கத்துக் குருதிச்சாவடிக்குப் போய் விரல் நுனியை நீட்டினார்கள்.

ரத்த வங்கிகளை மூடி ஒன்பது வருடமாகிறது. யாருக்கு என்ன வகை ரத்தம் என்று பதிந்துவைக்கச் சட்டத்தில் இடமில்லை. தேவையும் இல்லை, ரத்தம் வேண்டும்போது பட்டியலிலிருந்து ஆட்களைக் குலுக்கலில் அழைக்கும் குருதிக்கணி என்ற கணினி இருந்தது. ஓ நெகடிவ் நூற்றுக்கு இரண்டு பேருக்கு உண்டு. கண்ணை மூடிக்கொண்டு யாரையாவது அழைத்தால், அவர் அந்த வகையாக இல்லாமலிருக்க நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாய்ப்பு. ஆளுக்கு ஆள் அதைப் பெருக்கிக்கொண்டே போனால், இருநூற்று முப்பதாவது ஆளிலும் ஏமாந்து நிற்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் கீழே வந்துவிடும்.

இந்தக் கணக்கை எழுதியவள் நிரஞ்சனா. பெயர்ப்பட்டியலைப் பராமரித்தவன் அவளுடைய கல்லூரித் தோழன் எபினேசர்.

அன்று செவ்வந்தி என்ற ஓ நெகடிவ் பெண்ணுக்குப் பிரசவத்துக்குப்பின் ரத்தப்போக்கு நிற்கவில்லை. அழைக்கப்பட்டவர்கள் எல்லோரும் வந்தும் குருதிக்கணியின் திரையில் பூஜ்யம். நூற்றில் ஒன்று, நடக்கக்கூடியதுதான் என்று நிரஞ்சனா வேறு இருநூற்று முப்பது பேரை அழைத்தாள். மறுபடியும் பூஜ்யம். பத்தாயிரத்தில் ஒன்று! அவளே ஓ நெகடிவ்தான். அடுத்த தெருவில் செவ்வந்தி இருந்த மருத்துவமனைக்கு ஓடினாள்.

"ஒரு பாட்டில் பத்தாதுங்க, இன்னும் மூணு பாட்டிலாவது வேணும்" என்றபடி நர்ஸ் ஊசியைக் குத்தினாள். "கடைசியா எப்பங்க உங்களுக்கு அழைப்பு வந்துச்சு?"

"வந்ததே இல்ல" என்றாள் நிரஞ்சனா. சொன்னபிறகுதான் அவளுக்கு உறைத்தது.

ஊசி ஏறிய கையோடு எபினேசரை அழைத்தாள்.

"பட்டியல்ல ஓ நெகடிவ் ஆளுங்க எங்கடா?"



"தனியா எடுத்து வச்சிருக்கேன். சாவடியில ஓ நெகடிவ்னு வந்த முடிவ அழிக்காம வச்சுக்கிட்டு, அவங்கள ஒவ்வொருத்தரா பட்டியல்லருந்து எடுத்துட்டேன். மேல இருக்கறவங்களுக்கு அவசரம்னா ஆள் நிச்சயமா கிடைக்கணும்னாங்க. உன் கணக்குல நிச்சயம்னு ஒண்ணு கிடையாதே."

"எப்பயிருந்து?"

"முதல் வருசத்துலருந்து."

"என் பேரு?"

"முதல் பேரே உன்னுதுதான். காலேஜ்ல நீ ரத்தம் குடுத்தப்பவே உன் வகை எனக்குத் தெரியும். உனக்கு ஏதாவதுன்னா நான் யாரைத் தேடுவேன், சொல்லு?"

அவன் குரலில் உண்மையான அன்பு இருந்தது. அதைக் கேட்கப் பிடிக்காமல் அவள் குறுக்கே பேசினாள்.

"இப்பவே அவங்களக் கூப்பிடு. இல்லேன்னா போலீஸ் உன் வாசல்ல நிக்கும்."

கால்மணி நேரத்தில் பதினொரு பேர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்கள். தங்களை ஒளித்துவைத்தது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. "ஒருக்கா குடுத்தேனுங்க, அப்புறம் கூப்பிடவே இல்ல. என் ரத்தத்துல ஏதோ கோளாறுன்னு நெனச்சுட்டேன்" என்றார் லாரி ஓட்டும் ஒருவர்.

செவ்வந்தி பிழைத்தாள். அவள் கணவன் சென்னியப்பன் நிரஞ்சனாவைப் பார்த்துக் கைகூப்பினான். அந்தக் கும்பிடை வாங்கிக்கொள்ள அவளால் முடியவில்லை. வராந்தாவிலேயே நின்று நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"உங்க பேரும் அதுல இருந்துச்சுங்களா?"

"இருந்தது. எனக்குத் தெரியாதுங்க."

"ஒம்பது வருசத்துல ஒருக்காகூட உங்களக் கூப்பிடலீன்னு தோணவே இல்லீங்களா? கணக்குப் போட்டது நீங்கதானுங்களே?"

சென்னியப்பன் தன் பட்டையைக் கழற்றிப் பெஞ்சின்மேல் வைத்துவிட்டு உள்ளே போனான். கேட்டுக்கொண்டு நின்றவர்களும் ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். சாயங்காலத்துக்குள் செய்தி ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

மூன்றாம் நாள் வேறொரு மருத்துவமனை ஓ நெகடிவ் ரத்தம் கேட்டது. குருதிக்கணி இருநூற்று முப்பது பேரை அழைத்தது. பதினேழு பேர் வந்தார்கள், அவர்களில் ஒருவரும் ஓ நெகடிவ் இல்லை. வருபவர்களின் விகிதத்தையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தாள் நிரஞ்சனா. மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு என்று வந்தது. அத்தனை பேரையும் அழைத்தாள்.

ஒன்பது பேர் வந்தார்கள்.