வீட்டு எண் இல்லாத விருந்தாளி

மேலே காட்டிய எண்ணிக்கையில் ஓர் ஆள் அதிகமாக இருந்தார். கீழே வரிசையாக வந்த பெயர்களில் அந்த ஆள் இல்லை. ஜென்சி லேப்டாப் திரையில் விரலை வைத்து, ரேஷன் கடைக் கூட்டத்தை எண்ணுவது மாதிரி இன்னொரு முறை எண்ணினாள். அதே வித்தியாசம்தான். சே, இன்றைக்குத்தானா இது வந்து தொலைய வேண்டும் என்று எரிச்சலாக இருந்தது.

முடிச்சூரில் நேற்று முன்தினம் பிடித்த மழை இன்னும் விடவில்லை. மதியச் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது என்றாலும் ஜன்னலில் விளக்கு வைக்கிற நேரத்து இருட்டு வந்துவிட்டது. இன்வெர்ட்டரில் முனகிக்கொண்டு சுற்றும் மின்விசிறி, ஹாலில் கொடி கட்டிப் போட்டும் காயாத துணிகளின் புளித்த வாடை, குளியலறைக் குழாய்க்குள் யாரோ வாய் கொப்பளிப்பது போல் மேலே வந்து வந்து திரும்பும் தண்ணீரின் சத்தம், இதற்கெல்லாம் நடுவில் சாப்பாட்டு மேசையில் கால்களைத் தூக்கி நாற்காலியில் மடித்து வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் வராது. ஆனாலும் காலைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

அவள் வேலை பார்ப்பது பெருங்களத்தூரில் ஒரு சின்ன கம்பெனி. அபார்ட்மென்ட் வாசலுக்கான ஆப் செய்து விற்கிறார்கள். வருகிறவர் பெயரையும் எந்த வீடு என்பதையும் வாட்ச்மேன் தட்டுவார். அந்த வீட்டுக்காரர் போனில் ‘விருந்தாளி வந்திருக்கிறார், அனுமதிக்கலாமா?’ என்று வரும்; அனுமதித்தால் உள்ளே. வெளியே போகும்போது இன்னொரு தட்டு. குடியிருப்பவர்களே வெளியிலிருந்து வந்தாலும் அன்றைய பதிவில் ஏறும். அவள் குடியிருக்கும் இந்த அபார்ட்மென்ட்டிலும் அதே ஆப்தான். தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கிறது, அசோசியேஷன் படகு கேட்டிருக்கிறது, படகுக்காரர்கள் கேட்ட முதல் கேள்வி, உள்ளே எத்தனை பேர்?

போன் அடித்தது. கம்பெனியில் அவளுக்கு மேலே இருக்கும் மோகன்ராஜ்.

"ஜென்சி, உங்க அபார்ட்மென்ட் செக்ரட்டரி என் உயிர எடுக்கறாரு. கணக்குல ஒரு ஆள் உதைக்குதாம். யாருன்னு தெரியாம படகுக்காரங்க எந்த வீட்டைப் போய்த் தட்டுவாங்க?"

"பாத்துட்டேண்ணா. ஜாயின் பிரச்சினைதான். பத்து நிமிஷம் குடுங்க."

உள் அறையிலிருந்து ஸ்டெபின் குரல் கொடுத்தான். "ஏய், கண்ணு தெரியாத மனுஷன ஒத்தையா போட்டுட்டு அந்த லேப்டாப்பையே கட்டிக்கிட்டு உக்காந்திருக்க. நல்லாருக்கா இது?"

"அதுதான் சம்பளம் குடுக்குது. பேசாம படுங்க."

அவன் சிரித்தான். ஸ்டெபின் பொத்தேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி வாத்தியார். நேற்று லேபில் ஒரு பையன் கையிலிருந்த குடுவை வெடித்து மருந்து தெறித்ததில் இரண்டு கண்ணிலும் கட்டு. பார்வைக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் இரண்டு மூன்று நாள் கட்டைப் பிரிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். ராத்திரி ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு இன்று காலையில் அவன் ஏறிய ஆட்டோ வாசல்வரை வந்ததே பெரிய காரியம். கட்டிலிலிருந்து குளியலறைக்குக்கூட அவள் கையைப் பிடித்துத்தான் நடந்தான். ராத்திரி தெருத் தண்ணீரைத் தாண்டி அவனிடம் போக முடியாமல், அவனுக்குத் தெரியாமல் அவள் வீட்டில் அழுதிருந்தாள்.

அவள் புரோகிராமைத் திறந்தாள். டேட்டாபேஸிடம் பேசுகிற கேள்விகளை அவர்கள் தனியாக எழுதுவதில்லை. ஜாவாவிலேயே புள்ளி வைத்து வைத்துக் கோத்து எழுத ஒரு லைப்ரரி இருக்கிறது. தகவல் பட்டியலின், அதாவது டேபிளின், பெயரில் ஓர் எழுத்து தப்பினாலும் ஓடவிடாது. ஜென்சிக்கு அதனாலேயே அதன்மேல் ஒரு பாசம். வந்தவர்கள் ஒரு டேபிளில், வீடுகள் இன்னொரு டேபிளில். இரண்டையும் வீட்டு எண்ணை வைத்துக் கோத்தால்தான் பெயர்கள் வரும். வீட்டு எண்ணே இல்லாமல் ஒருவர் உள்ளே வந்திருந்தால் அந்தக் கோர்வையில் அகப்படமாட்டார். மொத்த எண்ணிக்கையில் மட்டும் நிற்பார். ‘ஜாயின்’ என்று இருந்த இடத்தை ‘லெஃப்ட் ஜாயின்’ என்று மாற்றினாள். இனி வீடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வந்தவர் எல்லோரும் தெரிவார்கள்.

ஓட்டினாள். கடைசியில் ஒரு வரி புதிதாக நின்றது. பெயர் இல்லை. வீடு இல்லை. ஒன்றும் இல்லாத இடத்தில் லைப்ரரி போடும் வளைந்த அடைப்புக்குறிகள் மட்டும், பக்கத்தில் பக்கத்தில். உள்ளே வந்த நேரம் மட்டும் இருந்தது. ஸ்டெபின் வந்த நேரத்துக்கு அடுத்த நொடி.

வாசல் கேபினுக்குப் போன் போட்டாள். வாட்ச்மேன் ஜெயவேலு இந்த ஊர்க்காரர். இந்த அபார்ட்மென்ட் நிற்கிற இடத்தில் ஒரு காலத்தில் அவர்கள் குடும்பம் நெல் போட்டிருந்தது.

"அண்ணா, காலைல எங்க வீட்டுக்காரருக்குப் பின்னால யாராவது வந்தாங்களா?"

"இன்னா மேடம், இந்த மழைல எவன் வருவான்? சாரு ஆட்டோல வந்தாரு, அதோட சரி." கொஞ்சம் நிறுத்தினார். "கேட்ட சாத்த சொல்லோதான் பேஜாராப் பூட்ச்சு. யாரோ நடுவுல நிக்கிற மாரி மூடவே இல்ல. அப்பால தானா மூடிக்கிச்சு. தண்ணி அட்ச்சிகினு வந்த குப்பை எதுனா சிக்கியிருக்கும்."

"நீங்க பதிவு போடற போன் நனைஞ்சிதா?"

"தொப்பலா நனைஞ்சிச்சு."

அப்பாடா. ஈரத் திரை தானாகவே தட்டிக்கொள்ளும். எத்தனை முறை பார்த்திருக்கிறாள். மழைத்துளி பதிவு செய்த விருந்தாளி. அவளுக்குச் சிரிப்புகூட வந்தது.

அழித்துவிடலாம் என்றால் முடியாது. நாளைக்குப் போலீஸ் கேட்டால் காட்ட வேண்டிய விவரம் என்பதால் வந்தவர் வரியை யாரும் அழிக்க முடியாமல் அவர்களே பூட்டி வைத்திருந்தார்கள். வெளியே போனதாகக் குறிக்கலாம். அதற்கு முதலில் ஒரு வீட்டு எண் வேண்டும். எந்த வீடு? சோதனைக்கு எப்போதும் கொடுக்கிற வீடுதான். விரல்களே போய்த் தட்டின. மூன்று சி. அவள் வீடு.

மேசையில் கிடந்த போன் டிங் என்றது. விருந்தாளி வந்திருக்கிறார், அனுமதிக்கலாமா? ஆப் எழுதிய நாளிலிருந்து எத்தனையோ நூறு முறை சோதனைக்காக அழுத்திய பொத்தான். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கட்டைவிரலால் ‘அனுமதி’யை அழுத்தினாள்.

குழாய்க்குள் கொப்பளித்துக்கொண்டிருந்த தண்ணீர் சட்டென்று நின்றது.

"எண்ணிக்கை சரியாயிடுச்சு, சூப்பர்மா," என்று மோகன்ராஜிடமிருந்து குரல் செய்தி வந்தது. அதை முழுசாகக் கேட்பதற்குள் அவளுக்கு வாடை அடித்தது. துணி வாடை இல்லை. ஏரி வற்றும்போது கரையில் அழுகிக் கிடக்கும் ஆகாயத்தாமரையின் வாடை, அடியிலிருந்து கிளறிய சேற்றின் வாடை, குமட்டிக்கொண்டு வந்தது. வாசற்கதவைத் திரும்பிப் பார்த்தாள். தாழ்ப்பாள் போட்டபடிதான் இருந்தது. கதவிலிருந்து உள் அறைவரைக்கும் தரையில் ஈரம் பளபளத்தது. கொடியில் தொங்கும் துணி சொட்டியிருக்கும். துணி அந்தப் பக்கம் இல்லையே.

உள்ளே ஸ்டெபின் யாரிடமோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தான்.

"போன்ல யாருங்க?" என்று கேட்டாள்.

"போனா? உன்கிட்டதான் பேசிட்டிருக்கேன்."

அவள் எழுந்தாள். தரை சில்லென்றிருந்தது. உள் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அவ்வளவாக வெளிச்சமில்லை. அவன் மல்லாந்து படுத்திருந்தான், கண்கட்டு மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. இடது கை கட்டிலின் ஓரத்தில் நீண்டிருந்தது. விரல்கள் மூடியிருந்தன, இன்னொரு கையைப் பிடித்திருப்பதுபோல. அவனுக்குப் பக்கத்தில் மெத்தை அமுங்கியிருந்தது. அமுங்கிய இடம் ஈரமாக இருந்தது.

"இப்பதான் வந்து உக்காந்த, அதுக்குள்ள எதுக்கு எழுந்திரிக்கற?" என்றான் அந்தப் பக்கம் பார்த்து. "கை ஏன் இப்படி ஜில்லுனு இருக்கு? தண்ணில நின்னியா?"

"என்னங்க," என்றாள். காற்றுதான் வந்தது.

அவன் முகம் கதவுப் பக்கம் திரும்பியது. பிறகு பக்கத்தில் திரும்பியது. மறுபடி கதவுப் பக்கம். சிரிப்பு மெல்லக் குறைந்தது.

"ஜென்சி... நீ எங்க நிக்கற?"

மெத்தை உயர்ந்தது. கதவு அவள் முகத்தில் அறைந்து மூடிக்கொண்டது.

தட்டினாள். தோளால் இடித்தாள். "ஸ்டெபின்! கதவத் திறங்க! அது நான் இல்ல!" உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. பெண் குரல். அவனைச் சமாதானப்படுத்துகிற, கொஞ்சம் அலுப்புக் கலந்த, அவளுடைய சொந்தக் குரல்.

"ஒண்ணுமில்லங்க. காத்து."

ஏசப்பா. நான்தான் விட்டேன். நான்தான் என் வீட்டு எண்ணைக் கொடுத்தேன். நான்தான் அனுமதித்தேன். அப்படியென்றால் வெளியே அனுப்பவும் என்னால் முடியும். முடியவேண்டும்.

மேசைக்கு ஓடினாள். அப்டேட். வெளியே போன நேரம், இப்போது. எந்த வரி என்று சொல்லும் ‘வேர்’ என்கிற நிபந்தனை இல்லாமல் அப்டேட் எழுதினால் லைப்ரரி கத்திக் கூப்பாடு போட்டு நிறுத்திவிடும். நிபந்தனை என்று ஒன்று இருந்துவிட்டால் போதும். அது யாரைப் பிடிக்கிறது என்று கேட்காது. வீடு மூன்று சி. இன்னும் வெளியே போகாதவர். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. அழுத்து. அழுத்து.

ஓடியது. பதில் வந்தது.

மாறிய வரிகள், இரண்டு.

ஒன்றுதானே வரவேண்டும்?

அந்த ஒரே வரியின் எண்ணைக் கேட்டு எழுதியிருக்கவேண்டும். எழுதவில்லை. வீட்டை மட்டும் கேட்டிருந்தாள். இந்த வீட்டுக்கு இன்று காலை உள்ளே வந்தவர் இன்னொருவரும் இருந்தார். ஆட்டோவில் வந்தவர். ஜென்சி இன்று வெளியே போகவே இல்லை. அவள் பெயர் இன்றைய பதிவில் இல்லை.

"ஐயோ, இல்ல... இல்ல..."

உள் அறைக் கதவு தானாகத் திறந்துகொண்டது. கட்டில் காலி. விரிப்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. கட்டிலுக்கடியில் பார்த்தாள். குளியலறையில் பார்த்தாள். வாசற்கதவுக்கு ஓடினாள். தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருந்தது. மழையில் ஊறி இறுகியிருந்தது. இழுத்தாள். நகம் பிய்ந்தது. அசையவில்லை.

போன் அடித்தது. ஜெயவேலு.

"இன்னா மேடம் இது? நானும் கத்திகினே கீறேன், திரும்பவே மாட்டன்றீங்களே! கண்ணுல கட்டோட சார இட்டுகினு தண்ணில எங்க போறீங்க? அந்தாண்ட ஆத்தங்கரை மேடம், பள்ளம்!"

"அண்ணா, நான் வீட்லதான் இருக்கேன்."

"இன்னா சொல்றீங்க?" அவர் குரல் சின்னதாகிவிட்டது. "என் கண்ணு முன்னால நடந்துகினு போறீங்க. கைல போன்கூட இல்ல. அப்ப... போன்ல யாரு பேசறது?"

"நான்தாண்ணா ஜென்சி! அவரப் புடிங்க! அண்ணா, அவரப் புடிங்க!"

அவர் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. ஜென்சி போனைக் காதோடு பிடித்தபடி பால்கனிக்கு ஓடிக் கம்பியைப் பற்றிக் குனிந்தாள்.

கேட் திறந்திருந்தது. கேபினைத் தாண்டி, தெரு ஆற்றுப் பக்கம் இறங்குகிற இடத்தில், பழுப்புத் தண்ணீரில் இரண்டு பேர். ஸ்டெபின் லுங்கியோடு, கண்கட்டு நனைந்து, ஒரு கையைத் தடவித் தடவி முன்னால் நீட்டிக்கொண்டு. பக்கத்தில் ஒரு பெண். மஞ்சள் நைட்டி. ஜென்சி இந்த நிமிடம் உடுத்தியிருந்த அதே நைட்டி. அவன் கையைப் பிடித்திருந்தாள்.

"ஸ்டெபின்!"

தொண்டை கிழியக் கத்தினாள். அவன் நின்றான். கட்டுப் போட்ட முகத்தைத் தூக்கி மாடிப் பக்கம் திருப்பினான். மழை அவன் வாயில் விழுந்தது. பிறகு பக்கத்தில் இருந்தவளிடம் எதையோ கேட்டான்.

பதில், ஜெயவேலுவின் கையிலிருந்த போன் வழியாக, ஜென்சியின் காதுக்குள் தெளிவாக வந்தது. அவள் குரலில்.

"யாரும் கூப்பிடலங்க. மழைதான். பாத்து எறங்குங்க, நான் புடிச்சிருக்கேன்."

அவன் தலையாட்டினான். இன்னொரு கையையும் அவளிடம் கொடுத்தான். மார்புவரை ஏறிவிட்ட தண்ணீரில், காலால் துழாவி, அடுத்த அடியை எடுத்து வைத்தான்.